நூற்று நாற்பது லிட்டர் மெத்தை

மூடியைத் திறந்தாயிற்று. தண்ணீர் வரவில்லை.

மாப்பிள்ளை குனிந்து, தண்ணீர் மெத்தையின் திறந்த வாயில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. நூற்று நாற்பது லிட்டர். ஐந்து மாதத்துக்கு முன் வாளி வாளியாக எண்ணி ஊற்றியவர் அவரேதான். ஆனால் வெளியே வருகிற உத்தேசம் அதற்கு இல்லை போலிருந்தது.

மணி பதினொன்றேகால். நாலு மணிக்கு வேன் வந்துவிடும்.

"மெத்தையைக் காய வச்சு, மடிச்சு, பையில போட்டுத் தயாரா வைங்க. அடுத்து இதை வாங்கிக்கப் போற அந்தம்மாவை இன்னிக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. மெத்தை போகலேன்னா முதுகுப் புண்ணோட கட்டாந்தரையிலதான் படுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யக் காலையிலேயே மனைவி கிளம்பிப் போயிருந்தாள்.

அந்த மெத்தை யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்ட ஒன்று. யாரோ ஒரு டீச்சரம்மா கணவருக்காக வாங்கியது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் தேவைப்பட்ட அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுத்தது. இப்படி ஏழு வீடு சுற்றி எட்டாவதாக இங்கே வந்தது. யாரும் வாடகை கேட்டதில்லை. ஒரே நிபந்தனை, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது சொட்டு ஈரம் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

அதில் ஐந்து மாதம் படுத்திருந்தவர் அறையின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமனார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்கு வந்தவர். முதுகில் ஒரு புண் கூட வராமல், போன வாரம்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தார்.

முப்பத்து நாலு வருஷம் குடிநீர் வாரியத்தில் தலைமை ஃபிட்டராக இருந்தவர் அவர். தண்ணீரை ஏற்றுவது, இறக்குவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் அவரிடம் கேட்க முடியாது. இருவரும் பேசிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

காரணம் ஒரு குழாய். புதுக் குடித்தனம் வைத்த வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டியது. மாப்பிள்ளை வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார். மறுநாள் விருந்துக்கு வந்த மாமனார் புதுக் குழாயைப் பார்த்தார். "இது யார் மாட்டினது?" என்று கேட்டார். பதில் வந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையும் லேசுப்பட்டவரில்லை. அவர் பேசாவிட்டால் நானும் பேசவில்லை என்று இருந்துவிட்டார்.

ஒரே வீட்டில் இருக்க வேண்டி வந்த பிறகும் அது மாறவில்லை. மகள் வீட்டில் இருந்தால் அவள் வழியாகப் பேசினார்கள். அவள் வேலைக்குப் போய்விட்டால், மல்லாந்து கிடந்த மாமனாருக்குக் கண்ணெதிரே இருந்தது மின்விசிறி ஒன்றுதான். அதனிடம் சொல்வார்.

"ஃபேனே, இடது தோள்பட்டை மரத்துப் போச்சு."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். "வலது பக்கம் திரும்பிப் படுக்கணும்னு நினைக்கிறவங்க திரும்பலாம். கை குடுக்க ஆள் இருக்கு."

இப்படியேதான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு, முதுகு துடைத்து, பவுடர் போட்டு, ஐந்து மாதம் ஓடியது.

மாப்பிள்ளை போனை எடுத்தார்.

"மெத்தையிலேருந்து தண்ணி வரமாட்டேங்குது. எப்படி இறக்கறதுன்னு உங்கப்பாகிட்ட கேளேன்."

"அவர் எங்க இருக்கார்?" என்றாள் மனைவி.

"எதிர்ல."

"எவ்வளவு தூரத்துல?"

"ஒரு ஆறடி இருக்கும்."

"நான் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கேன். நீங்களே கேளுங்க. போன்ல சார்ஜ் இல்ல, வைக்கிறேன்."

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். துணிக்கடையில் இருபது வருஷமாகத் துணி விரித்து மடித்துக் காட்டுபவர் அவர். மடிக்க முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. தண்ணீர் மட்டும் வெளியேறிவிட்டால் மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவார்.

முதலில் உள்ளங்கையால் மெத்தையை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார். வாயிலிருந்து தண்ணீர் நேரே எழும்பி அவர் முகத்தில் அடித்தது.

மூலையிலிருந்து குரல் வந்தது. "ஃபேனே, ஒரு ரப்பர் குழாயை உள்ள விட்டு, மறுமுனையைத் தாழ்வா வச்சு வாயால ஒரு இழு இழுத்தா தானா வரும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்."

மாப்பிள்ளை காதில் விழாத மாதிரி முகத்தைத் துடைத்தார். இரண்டு நிமிஷம் கௌரவமாக இடைவெளி விட்டார். பிறகு, "எனக்கே ஒரு யோசனை வந்துடுச்சு" என்று வாளியிடம் சொல்லிவிட்டு, பால்கனியில் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை எடுத்து வந்தார்.

ஒரு முனையை மெத்தைக்குள் விட்டார். மறுமுனையை வாயில் வைத்துத் தரையில் உட்கார்ந்து பலமாக இழுத்தார். தண்ணீர் வந்தது. வாய் கொள்ளாமல் வந்தது.

"ஃபேனே, அஞ்சு மாசத்துத் தண்ணி அது. பாசி பிடிக்காம இருக்க மருந்து வேற ஊத்தியிருக்கு. முழுங்கிடாம துப்பச் சொல்லு."

துப்பினார். வாய் நாலு தடவை கொப்பளித்த பிறகும் நீச்சல்குளத்தை நக்கிய மாதிரியே இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு வெற்றி. தண்ணீர் ஓடுகிறது!

வாளி முக்கால் நிமிஷத்தில் நிரம்பியது. இப்படி எத்தனை வாளி சுமப்பது? மாப்பிள்ளைக்கு உண்மையாகவே ஒரு யோசனை வந்தது. குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, ஜன்னல் வழியாக வெளியே தொங்க விட்டுவிட்டார். இனி அது பாட்டுக்கு ஓடட்டும் என்று கையைத் தட்டிக்கொண்டார்.

கீழேயிருந்து சத்தம் வந்தது.

"யாருங்க மேல? கண்ணு தெரியலையா? காலைலேருந்து துவைச்சுக் காயப்போட்ட துணிங்க! எல்லாம் ஆஸ்பத்திரி வாடை அடிக்குது!"

கீழ்வீட்டம்மாவின் குரல். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். குழாய் கொடிக்கயிற்றின் மேலேயே தொங்கி, ஒரு படுக்கை விரிப்பை மிகவும் நிதானமாக நனைத்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா! இதோ எடுத்துடறேன்!"

"எடுத்துட்டு என்ன பண்றது? கீழ வந்து துவைச்சுக் குடுத்துட்டுப் போங்க!"

பதற்றத்தில் குழாயைச் சரசரவென்று இழுத்தார். உள்ளே வந்த குழாய் கையிலிருந்து நழுவி, துள்ளித் திரும்பி, காலண்டர், கண்ணாடி, அலமாரி என்று ஒன்று விடாமல் நனைத்துவிட்டுக் கடைசியில் மாமனாரின் மடியில் நின்றது.

மாமனார் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"ஃபேனே, மழை வரும்போல இருக்கு. வீட்டுல குடை இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

மாப்பிள்ளை மெத்தையிலிருந்து குழாயைப் பிடுங்கி வீசினார். போதும் இந்த ஃபிட்டர் வேலை. இனி தனக்குத் தெரிந்த வேலையைச் செய்வதுதான் சரி. தலைமாட்டிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் கால்மாட்டுக்குப் போகும். கால்மாட்டில்தான் வாய் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பாத்திரத்தை வைத்துவிட்டால் தீர்ந்தது.

நடமாட இடம் வேண்டுமென்று மாமனாரின் வாக்கரைத் தூக்கிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்தார். மெத்தை காலியானதும் உலர்த்துவதற்காக ஒரு மேஜை விசிறியைக் கொண்டுவந்து, நீளமான வயரும் பிளக் பெட்டியும் போட்டு, ஓடவும் விட்டார். எல்லாம் முன்யோசனை.

கட்டிலில் ஏறி முழங்காலிட்டுச் சுருட்டத் தொடங்கினார். ஒரு சுருட்டு. இரண்டு சுருட்டு. கால்மாட்டில் மெத்தை வீங்கியது. மூன்றாவது சுருட்டில் தின்று கொழுத்த எருமையின் வயிறு போல ஆனது.

"ஃபேனே," மாமனாரின் குரலில் இப்போது கிண்டல் குறைந்திருந்தது. "தண்ணி ஒரே பக்கம் சேர்ந்தா சாயும்னு சொல்லு. ஒரு லிட்டர் ஒரு கிலோன்னு சொல்லு."

"ஃபேன் வாயை மூடிக்கிட்டுச் சுத்தினா நல்லா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை சுவரிடம்.

நாலாவது சுருட்டில் மெத்தை கட்டிலை விட்டு இறங்கியது. அவசரப்படாமல், படுக்கையிலிருந்து எழுந்து போகிற பெரிய மனுஷன் மாதிரி வழுக்கி இறங்கி, கீழே வைத்த பாத்திரத்தை நசுக்கிக்கொண்டு, வாய் தரையைப் பார்க்கக் குப்புற விழுந்தது. கூடவே மாப்பிள்ளையும் விழுந்தார்.

மெத்தையின் அடியிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் பரவத் தொடங்கியது. ஒரு பக்கம் அலமாரிக்கு. ஒரு பக்கம் வாசலுக்கு. ஒரு பக்கம், விர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மேஜை விசிறியின் பிளக் பெட்டிக்கு.

மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். உள்ளங்கால் நனைய எழுந்து நின்றார். பெட்டி நனைவதற்குள் எடுத்துவிட வேண்டும். குனிந்து ஈரக் கையை நீட்டினார்.

"மாப்பிள்ளை! தொடாதீங்க!"

அறை அதிர்ந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது.

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாக்கர் அந்தப் பக்கம் இருந்தது. அதை அவர் தேடவும் இல்லை. ஓரடி. இரண்டடி. மூன்றடி. சுவரில் கை ஊன்றி ஸ்விட்சைத் தட்டினார். மேஜை விசிறி முனகி நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டிருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு தானாக நடந்தும் இருந்தார். இரண்டில் எதற்கு முதலில் ஆச்சரியப்படுவது என்று மற்றவருக்குத் தெரியவில்லை. இந்த மாதிரிச் சமயத்தில் மனிதர்களுக்குக் கை கொடுப்பது கோபம் ஒன்றுதான்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" மாமனார் ஆரம்பித்தார். "தண்ணியில நின்னுக்கிட்டுக் கரண்ட்டுல கை வைக்கிறீங்க! ஏதாவது ஆயிருந்தா எம்பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க மட்டும்? வாக்கர் இல்லாம ஓர் அடி வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? மறுபடி விழுந்தா மறுபடி யார் உங்களைத் திருப்பிப் போடறது?"

"யார் உங்களைத் திருப்பிப் போடச் சொன்னது? ராத்திரியெல்லாம் அலாரம் வச்சு எழுந்து வந்தீங்களே, நான் கேட்டேனா?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? ஃபேனைத்தானே கேட்டீங்க!"

"பெத்த பிள்ளை வெளிநாட்டுலேருந்து போன் பண்ணி, உடம்பைப் பாத்துக்கோங்கன்னு சொல்லி வச்சுட்டான். நீங்க முதுகு துடைச்சீங்க, பவுடர் போட்டீங்க, பெட்பான் எடுத்தீங்க. ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பீங்களா? யார் உங்களைச் செய்யச் சொன்னது?"

"வேற யாரு செய்வா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்! வேற யாரு செய்வா!"

நன்றி சொல்வதற்காக ஒருவர் இவ்வளவு உரக்கக் கத்தி அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. துணி அலசிக்கொண்டிருந்த கீழ்வீட்டம்மா கூட அலசுவதை நிறுத்திவிட்டார்.

மாமனார் விடவில்லை. "இப்படிப்பட்டவரு அன்னிக்கு ஒரு குழாய்க்கு ஏன் வெளியாளைக் கூப்பிட்டீங்க? என் வேலை அவ்வளவு மட்டமாப் போச்சா?"

"மட்டமா?" மாப்பிள்ளை ஈரக் கையை உதறினார். "முதல் தடவை வீட்டுக்கு வர்ற மாமனார் கையில ஸ்பானரைக் குடுத்துக் குழாயை மாட்டுங்கன்னா சொல்றது? முப்பது வருஷம் தண்ணியிலேயே நின்ன மனுஷன். ஒரு வேளை உக்காந்து நிம்மதியா சாப்பிடட்டும்னு நினைச்சேன். சொட்டற சத்தம் கேட்டா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதுன்னு இவ சொன்னா. நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணணும்னு தெருத்தெருவா அலைஞ்சு அந்த ஆளைப் பிடிச்சேன்!"

மாமனார் சுவரில் ஊன்றிய கையை மாற்றிக்கொண்டார்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்கதான் பேசலையே!"

"நீங்க பேசினீங்களா?"

மாமனார் சுவரைப் பிடித்தபடியே மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வாக்கரை எடுத்து வந்து அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மாமனார், தணிந்த குரலில். "அந்தக் குழாயை மாட்டின ஆளையே இந்த வீட்டுக்கும் கூப்பிட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

"போன வாரம் பாத்ரூமுக்கு நடந்து போனப்பவே பார்த்தேன். வாஷர் போடாம மாட்டியிருக்கான். சொட்டிக்கிட்டே இருக்கு."

"நீங்களே சரி பண்ணிக் குடுங்களேன், மாமா."

ஒன்பது வருஷமாகக் காத்திருந்த வேலை அது. மாமனார் தலையை ஆட்டினார். கண்ணாடியில் இன்னும் ஈரம் இருந்தது போல, அதைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

கதவு தட்டப்பட்டது. "வரலாமா சார்? மெத்தை எடுக்க வந்திருக்கேன்" என்றபடி நடுவயதுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். வேன்காரர். மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

"ஐயையோ, சீக்கிரமே வந்துட்டீங்களே! இன்னும் பாதித் தண்ணி உள்ளயே இருக்கு" என்று மாப்பிள்ளை கையைப் பிசைந்தார்.

"அதனால என்ன?" என்றார் மாமனார். அந்தக் குரலில் முப்பத்து நாலு வருஷத்துத் தலைமை ஃபிட்டர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "நீங்க ஒரு பக்கம் பிடிங்க, வேன்காரரே. மாப்பிள்ளை, கட்டிலுக்குக் கீழ கிடக்கிற ரெண்டு பலகையை மெத்தைக்கு அடியில குடுங்க. உயரம் இருந்தா போதும். ரப்பர் குழாயைப் பாத்ரூமுக்குக் கொண்டு போய் முதல்ல நிறையத் தண்ணி ரொப்புங்க. ரெண்டு முனையையும் அடைச்சுக்கிட்டு வாங்க. ஒரு முனை மெத்தையில, ஒரு முனை சாக்கடை ஓட்டையில. இப்ப விரலை எடுங்க."

தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியது. ஒரு சொட்டுக் கூட வெளியே சிந்தவில்லை.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "வாயால இழுக்கவே வேண்டாமா? காலையில ஃபேன்கிட்ட வாயால இழுக்கணும்னு சொன்னீங்களே?"

"ஃபேன்கிட்ட அவ்வளவுதான் சொல்வேன்" என்றார் மாமனார்.

தண்ணீர் வடிந்த பிறகு வேலை கை மாறியது. மாப்பிள்ளை இரண்டு துண்டுகளால் மெத்தையைத் துடைத்தார். நின்றுபோன விசிறியைக் காய்ந்த இடத்தில் வைத்து ஓடவிட்டு, உள்ளும் புறமும் உலர்த்தினார். ஒட்டிக்கொள்ளாமலிருக்க மடிப்புக்கு மடிப்பு பவுடர் தூவினார். முனைகளைப் பிடித்து ஒரே உதறில் விரித்து, மூன்றாக, மறுபடி மூன்றாக, காற்று மிச்சமில்லாமல் மடித்தார். கடையில் மிக உயர்ந்த துணியை வாங்கியவருக்கு மடித்துத் தருவது போல இருந்தது அது. ஒரு மனிதரை முதுகில் புண்ணில்லாமல் காப்பாற்றிக் கொடுத்த பொருளை வேறெப்படி மடிப்பது?

"நல்லா மடிக்கிறீங்க, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

மடித்து முடித்ததை அவர் ஒரு முறை தடவிக் கொடுத்தார். பிறகு ஏதோ தோன்றியவராக, "ஒரு தாள் எடுங்க. அந்த வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு வரி எழுதி உள்ள வைப்போம். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றார்.

மாப்பிள்ளை எழுதினார்.

"அம்மா, பயப்படாதீங்க. நானும் இதுலதான் கிடந்தேன். எழுந்துட்டேன். நீங்களும் எழுந்துடுவீங்க. அப்புறம்..." மாமனார் கொஞ்சம் யோசித்தார். "தண்ணியை இறக்க ரெண்டு ஆள் வேணும். ரெண்டு பேரும் பேசிக்கறவங்களா இருக்கணும்னு எழுதுங்க."

தாளைப் பைக்குள் வைத்து மூடினார்கள். மாமனார் அண்ணாந்து பார்த்து, "ரொம்ப நன்றி" என்றார்.

"யாருக்கு, மாமா?"

"ஃபேனுக்குத்தான். அஞ்சு மாசம் காத்து போட்டுச்சு, சொன்னதையெல்லாம் கேட்டுக்கிச்சு." சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாக்கர் பக்கத்திலேயே இருந்தது. பிடித்த தோளை அவர் விடவில்லை.

வேன்காரர் பையைத் தோளில் ஏற்றினார். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். நாலேமுக்கால்.

"மன்னிச்சுக்கோங்க. எங்க கூத்துல உங்களுக்கு ரொம்ப லேட்டாயிடுச்சு. பாவம் அந்தம்மா, வந்து காத்துக்கிட்டிருப்பாங்க."

"அந்தம்மா வர்றது வெள்ளிக்கிழமைதான் சார்," என்றார் வேன்காரர் படியிறங்கிக்கொண்டே, "மேல ரெண்டு பேரும் நேருக்கு நேர் திட்டிக்கிற சத்தம் கேட்டா மட்டும் படியேறுங்க, அதுவரைக்கும் வண்டியை விட்டு இறங்காதீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னதால, காலைல பத்து மணியிலேருந்து நான் கீழதான் உக்காந்திருக்கேன்."